சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது?

(சித்தேரி பள்ளிவாசலில் ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

  



கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நம் ஊரில் நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். அரூரிலிருந்து வரும் பேருந்தில் கம்பளி மூட்டையோடு ஒரு வியாபாரி வந்து இறங்கினார். அதற்கு முன்பே நம் கைப்பேசிகளில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. வடநாட்டுக் கும்பல் ஒன்று கம்பளி விற்பதைப் போல் நடித்துப் பிள்ளைகளைத் தூக்கிச் செல்கிறது, மலைக் கிராமங்களைத்தான் குறி வைத்திருக்கிறது என்று யாரோ ஒருவர் பதறிப் பதறிச் சொல்கிறார். சொன்னவர் யார், எந்த ஊர், எந்தப் பிள்ளை காணாமல் போனது, எதுவும் அதில் இல்லை. நம் இளைஞர்கள் சிலர் அந்த மனிதரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூட்டை பிரிக்கப்பட்டது. இரண்டு கம்பளிகள் சேற்றில் மிதிபட்டன. கைப்பேசி பிடுங்கப்பட்டது. கன்னத்தில் ஓர் அறையும் விழுந்தது. காவல்துறையினர் வந்து பார்த்தபோது அவரிடம் ஆதார் அட்டை இருந்தது, ஈரோட்டில் சரக்கு எடுத்த ரசீதும் இருந்தது. வேறொன்றும் இல்லை.

அந்தப் பதிவு அஸருக்குப் பிறகு எனக்கும் வந்தது. நான் அதை நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டுமே என்று இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டேன். மிம்பரில் நின்று பேசுகிறவன் இதைச் சொல்லாமல் மேலே பேசினால் அது நேர்மையாகாது. ஆகவே இன்றைய உரை முதலில் எனக்கு, பிறகுதான் உங்களுக்கு.

சூழ்ச்சி, சதி, அவற்றைப் பற்றி நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள். இவற்றைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

யூஸுஃப் நபியின் சட்டை

யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு ஒரு சதியில்தான் தொடங்குகிறது. சகோதரர்கள் கூடிப் பேசினார்கள், திட்டமிட்டார்கள், தம்பியைக் கிணற்றில் தள்ளினார்கள். இரவில் அழுதுகொண்டே வந்து, பொய்யான இரத்தம் தோய்ந்த சட்டையைத் தந்தையிடம் காட்டினார்கள். யஃகூப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அதை நம்பவில்லை. இது உங்கள் மனம் உங்களுக்கு அழகாக்கிக் காட்டிய காரியம் என்ற கருத்தில் பதில் சொன்னதாகக் குர்ஆன் (12:18) கூறுகிறது. பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையைக் கிழிக்காமலா தின்றது என்று அவர்கள் வியந்ததாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர்.

பிறகு எகிப்தில் இன்னொரு சட்டை. அமைச்சரின் மனைவி பழி சுமத்துகிறார். ஒருபுறம் ஊரின் பெரிய வீட்டுப் பெண், மறுபுறம் விலைக்கு வாங்கப்பட்ட ஓர் அந்நிய இளைஞர். யார் சொல்லை ஊர் நம்பும்? அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவரே ஒரு வழி சொன்னார். சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அந்தப் பெண் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் அவர் பொய் சொல்கிறார் (12:26, 27). பார்த்தார்கள். பின்புறம் கிழிந்திருந்தது.

சகோதரர்களே, இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த மனிதர் எங்கள் வீட்டுப் பெண் அப்படிப்பட்டவர் அல்ல என்று வாதாடவில்லை. அடிமைகள் எல்லோரும் இப்படித்தான் என்றும் சொல்லவில்லை. சட்டையைப் பாருங்கள் என்றார். தன் வீட்டுக்கு எதிராகவே முடிவு வந்துவிடக்கூடும் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

சதியே இல்லையா?

உலகில் சதியே கிடையாது, எல்லாம் வெறும் கற்பனை என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர் இந்த மலையடிவாரத்தில் வாழத் தகுதியற்றவர். வாச்சாத்தி நமக்குத் தூரத்து ஊர் அல்லவே! 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களின் மானத்தைச் சிதைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையே கைது செய்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். வெளியில் தெரிந்தபோது அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றார்கள். அரசாங்கமே மறுத்தது.

அது உண்மையான கூட்டுச் சதி. ஆனால் அது எப்படி நிரூபணமானது என்பதைக் கவனியுங்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் அவர்களுக்குத் துணை நின்ற கம்யூனிஸ்டுத் தலைவர்களும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1995-இல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அதிகாரிகளின் வரிசைக்கு முன்னால் நின்று, இவர்தான், இவர்தான் என்று விரல் நீட்டி அடையாளம் காட்டினார்கள். 155 வனத்துறையினர், 108 காவல்துறையினர், 6 வருவாய்த்துறையினர், ஆக 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மேல்முறையீட்டில், 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அந்தக் கிராமத்துக்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற அப்பாவி மக்கள் பலியிடப்பட்டனர் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

31 ஆண்டுகள்! பெயர் உண்டு, தேதி உண்டு, இடம் உண்டு, கண்ணால் கண்ட சாட்சி உண்டு, குறுக்கு விசாரணையில் நிலைத்து நின்ற வாக்குமூலம் உண்டு. நம் கைப்பேசிக்கு வந்த குரல் பதிவில் இவற்றில் எது இருந்தது?

உண்மையான சதியிலும்கூட, பெயர் அடிபட்ட அனைவரும் குற்றவாளிகள் ஆகிவிடுவதில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவருக்கும் எதிரான சாட்சியத்தைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. நால்வரின் மரண தண்டனை உறுதியானது, மூவருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். சட்டையைப் பார்ப்பது என்றால் அதுதான்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. கலீஃபா உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடம் முறையிட்டுவிட்டு எகிப்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தார், வழியில் ஒரு கடிதத்தைக் கைப்பற்றினர். தங்களைத் தண்டிக்கும்படி எகிப்து ஆளுநருக்குக் கட்டளை, அதில் கலீஃபாவின் முத்திரை. நான் எழுதவில்லை, எழுதச் சொல்லவுமில்லை என்று அந்த முதியவர் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டார்கள். யார் எழுதியது என்று பொறுமையாக விசாரிக்க அவர்களுக்கு மனமில்லை. ஹிஜ்ரி 35-இல் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த நிலையில் அவர்கள் ஷஹீதாக்கப்பட்டார்கள். அன்று பிளந்த உம்மத் பிறகு ஒட்டவே இல்லை.

நம்மைப் பற்றிய கதைகள்

இலங்கையில் நம் சகோதரர்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். 2018 பிப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகம். சாப்பிட வந்தவர் கறியில் ஏதோ ஒரு கட்டியைக் கண்டு, சிங்களவர்களை மலடாக்க மாத்திரை கலக்கிறாயா என்று கூச்சலிட்டார். கூட்டம் கூடிவிட்டது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலும், அச்சத்திலும் ஆம் என்பது போல ஏதோ சொல்லிவிட்டார். அது படம் பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரசுப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னார், அது மாவுக் கட்டி! ஒரு வேளை சாப்பாட்டில் மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவ உலகிலேயே கிடையாது.

ஆனால் அந்தக் கதை நின்றுவிடவில்லை. அதே நாட்களில் கண்டிப் பக்கம் சில முஸ்லிம் இளைஞர்கள் ஒரு சிங்கள லாரி ஓட்டுநரைத் தாக்க, அவர் இறந்துபோனார். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்தக் கொலை பொய்க்கதை அல்ல. உண்மையான கொலையும் பொய்யான மாத்திரையும் சேர்ந்து, மார்ச் முதல் வாரத்தில் திகனயும் தெல்தெனியவும் எரிந்தன. நாடு முழுவதும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. தன் தளத்தின் வழியே நடந்த தீங்கிற்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020-இல் மன்னிப்புக் கேட்டது.

மறு ஆண்டு, 2019 ஏப்ரல் 21-இல் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட கொடியவர்கள் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டார்கள். அடுத்த மாதமே அந்த மலட்டு மாத்திரைக் கதை வேறு உடை உடுத்தி வந்தது. குருணாகல் மருத்துவமனையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று ஒரு நாளேடு எழுதியது. அவர் சிறைப்பட்டார். விசாரித்த காவல்துறைப் பிரிவு, அதற்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றத்தில் கூறியது. பல ஆண்டுகள் கழித்தே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

நம் நாட்டில் 2020-இல் கொரோனா வந்தபோது டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைச் சொல்லி நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. காய்கறி வண்டிக்காரர்களிடம்கூடப் பெயர் கேட்டார்கள். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்ற பொருளில் எழுதியது.

இதுவரை நீங்கள் தலையசைத்துக் கேட்டீர்கள். இனி கொஞ்சம் கசக்கும்.

நாம் சொல்லும் கதைகள்

யூதப் பெரியவர்கள் இரகசியமாகக் கூடி உலகை ஆளத் திட்டமிட்டதாக ஒரு நூல் உண்டு. ஸீயோன் மூப்பர்களின் நடைமுறைகள் என்று சொல்வார்கள். நம் மாநாட்டுப் புத்தகக் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். மதரஸாவில் ஓதும் காலத்தில் வாங்கிப் படித்துமிருக்கிறேன், நம்பியுமிருக்கிறேன். அதன் சட்டை எந்தப் பக்கம் கிழிந்தது தெரியுமா? 1903-இல் ரஷ்யாவில் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது அது. 1921-இல் இலண்டன் டைம்ஸ் ஏட்டின் இஸ்தான்பூல் நிருபர் பிலிப் கிரேவ்ஸ், அது பழைய பிரெஞ்சு நூல் ஒன்றிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடப்பட்டது என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். மோரிஸ் ஜோலி என்பவர் 1864-இல் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியனை நையாண்டி செய்து எழுதிய கற்பனை உரையாடல் அது. அதில் யூதர்களின் சதி என்ற பேச்சே கிடையாது! கற்பனையைத் திருடி, பெயரை மாற்றி, வரலாறு என்று விற்றிருக்கிறார்கள். ஹிட்லரின் ஆட்கள் அதைப் பள்ளிப் பிள்ளைகள்வரை கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் நடந்ததை உலகம் அறியும்.

பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதிக்குச் சாட்சி வேண்டுமென்றால் வீதிதோறும் கிடைக்கிறது. திருடிய நூல் நமக்கு எதற்கு? ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற எச்சரிக்கை (5:8) வேறு யாருக்கோ இறங்கியது அல்ல.

கதையில் சதி அழகாக இருக்கும். எழுதுகிறவர் ஒவ்வொரு முடிச்சையும் தாமே போட்டுத் தாமே அவிழ்க்கிறார். அங்கே தவறி விழுந்த கைக்குட்டைக்கும் காரணம் உண்டு. திரைப்படம் பார்த்துப் பழகிய கண்ணோடு நாம் உலகத்தைப் பார்க்கிறோம். உலகத்திலோ பல கைக்குட்டைகள் வெறுமனே தவறி விழுந்தவைதாம்.

அடுத்து தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வந்தபோது வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் சுற்றியது! பிள்ளை பெறும் ஆற்றல் போய்விடும் என்று நம் வீட்டுப் பெண்களே சொன்னார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அம்பாறையில் நம்மைச் சுட்ட அதே மலட்டுக் கதைதான் இதுவும். ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

அந்த அச்சம் வெறும் அறியாமையிலிருந்து வந்ததா? அப்படிச் சொன்னால் அது அநியாயம். 1976-77-இல் அவசர நிலையின்போது ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது, பலருக்கு வலுக்கட்டாயமாக. வட மாநிலங்களில் முஸ்லிம் கிராமங்களை வளைத்துப் பிடித்ததும் உண்டு. 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடனைத் தேட, அமெரிக்க உளவுத்துறை மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் ஒன்றைப் போலியாக நடத்தியது. இது கதையல்ல, 2014-இல் இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று வெள்ளை மாளிகையே எழுதிக் கொடுத்தது. அந்த ஒரு சதி எத்தனை பொய்க் கதைகளுக்குத் தீனி போட்டது! அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண்கள் 2012-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சதி செய்தவர்களுக்கு அதில் எந்த இழப்பும் இல்லை.

நம் நாட்டிலும் 2006-இல் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ தாக்கிய பிள்ளைகளில் பெரும்பகுதி நம் பிள்ளைகள். பிறகு ஆலிம்கள் முன்வந்தார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவிப்புச் செய்தார்கள், தம் பிள்ளைகளுக்கே முதலில் கொடுத்துக் காட்டினார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தைதான் இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி. 2014-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கால் சூம்பிப் போன அந்தப் பழைய பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல்.

அன்னை ஸைனபின் பதில்

அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் மீது மதீனாவில் அவதூறு பரவியபோது அது ஒரு மாதம் ஓடியது. தொடங்கியவர்கள் முனாஃபிக்குகள், சுமந்து திரிந்தவர்களிலோ நல்லவர்களும் இருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பணிப்பெண் பரீராவை அழைத்துக் கேட்டார்கள். அவர் சொன்ன குறை என்ன? சிறு வயதுப் பெண், பிசைந்த மாவைக் கவனிக்காமல் தூங்கிவிடுவார், ஆடு வந்து தின்றுவிடும். அவ்வளவுதான்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். நாயகத்தின் மனைவியரில் ஆயிஷாவுக்குச் சமமாகப் போட்டியிடக் கூடியவர் அவர்தாம் என்று ஆயிஷா அம்மையாரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். ஸைனபின் சொந்தச் சகோதரியே அந்த அவதூறைப் பரப்பிக்கொண்டிருந்தார். அதை நம்பினால் ஸைனபுக்கு லாபம். ஆனால் அவர் என்ன சொன்னார்? என் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், அவரைப் பற்றி நன்மையைத் தவிர வேறொன்றும் அறியேன் என்ற கருத்தில் பதில் சொன்னார். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

நமக்குப் பிடிக்காதவரைப் பற்றிய கதை வரும்போது ஆதாரம் கேட்பது கடினம். அதனால்தான் அல்லாஹ் ஸூரத்துந் நூரில் அந்த மக்களைக் கேட்கிறான்: கேட்டவுடன் ஏன் நல்லெண்ணம் கொள்ளவில்லை? ஏன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவரச் சொல்லவில்லை? (24:12, 13) காதால் வாங்கி அறிவால் ஆராயாமல் நாவுக்கு நாவு மாற்றிக்கொண்டதை (24:15) அற்பமாக எண்ணினீர்கள் என்று கண்டிக்கிறான். இன்று நாவுக்குப் பதில் விரல். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது முஸ்லிம் நூலின் முன்னுரையில் பதிவாகியுள்ளது. அந்தக் கணக்கில் செவ்வாய்க்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

இந்த விரல் உயிரையும் வாங்கும். 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூரில் என்ன நடந்தது? சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்கு வந்த குடும்பம். அதில் ஒரு மூதாட்டி சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற செய்தி அப்போது எல்லாக் கைப்பேசியிலும் இருந்தது. அந்த அம்மையாரை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. பிள்ளையைக் கண்டால் மிட்டாய் கொடுக்கும் பாட்டிமார் நம் வீடுகளில் எத்தனை பேர்!

நம் கம்பளி வியாபாரியைக் காவல்துறையினர் உயிரோடு அழைத்துச் சென்றார்கள், அல்ஹம்துலில்லாஹ். நேற்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து, ஹஜ்ரத், அவர் நம் ஆளா என்று கேட்டார். நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதுமில்லை. அவர் அரூரில் மூன்று வியாபாரிகளோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார் என்பதை மட்டும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கைப்பேசியின் திரை உடைந்துவிட்டதாம். இரண்டு கம்பளிகள் விற்கும் நிலையில் இல்லையாம்.

அவதூறில் பங்கு கொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களைச் சமூகம் தள்ளி வைக்கவில்லை. தண்டனை நிறைவேறியது, பிறகு அபூபக்ர் (ரலி) அவர்கள் அவருக்குக் கொடுத்துவந்த உதவியை நிறுத்தக் கூடாது என்று வசனமே (24:22) இறங்கியது. ஆகவே செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தத்தில் நின்ற தம்பிமார்களை யாரும் இங்கே ஏச வேண்டாம். அவர்கள் நான்கு பேரும் இந்த ஸஃப்புகளில்தான் இருக்கிறார்கள். கம்பளிக்கும் கைப்பேசிக்கும் உரிய தொகையை அவர்களும் நானும் பங்கிட்டுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். பைத்துல் மாலிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கப்படாது. தொழுகை முடிந்ததும் அரூர் செல்லும் பேருந்தில் புறப்படுகிறோம். அந்தப் பதிவை அனுப்பிய மற்றவர்களில் வர விரும்புகிறவர்கள் வாசலில் நில்லுங்கள். வர இயலாதவர்கள், யார் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் அது பொய் என்று இன்று மஃரிபுக்குள் திரும்ப அனுப்பிவிடுங்கள். நான் அனுப்பிய இருவருக்கும் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.